கெல்வின் பிரபுவின் சிக்கனம்

பேரன் 12 வோல்ட் விளக்குச்சரத்துக்கு மலிவான மெல்லிய கம்பியைப் பொருத்தியிருந்தான், தொட்டேன், சுட்டது. மின்னழுத்தம் குறைந்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் மிகும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியின் வெப்பம் நான்கு மடங்காகும். பொருளியல் பேராசிரியனாக இருந்த எனக்குக் கெல்வின் பிரபு நினைவுக்கு வந்தார்.

1824-இல் பெல்ஃபாஸ்டில் வில்லியம் தாம்சனாகப் பிறந்து, கிளாஸ்கோவில் 53 ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். அட்லாண்டிக் கடலடித் தந்திக்குத் தடித்த செம்பு வேண்டுமென வாதிட்டார், ஏற்கப்படவில்லை. 1858-இல் இட்ட மெல்லிய கம்பி, ஏறத்தாழ 2,000 வோல்ட் செலுத்தப்பட்டுச் சில வாரங்களில் செயலிழந்தது. 1866-இல் தடித்த கம்பி வென்றது. அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது.

1881-இல் விதியொன்று வகுத்தார்: கம்பியில் முடக்கிய முதலின் ஆண்டு வட்டியும், வெப்பமாக வீணாகும் மின்சாரத்தின் ஆண்டுச் செலவும் சமமாகும் கனமே சிக்கனமானது. 1907-இல் மறைந்தார்.

நாமோ கடையில் மிச்சப்படுத்தியதை மின்கட்டணத்தில் இழக்கிறோம்; சில வேளை தீயிலும் இழக்கிறோம்.