ரப்பர் பால் வெட்டியவர், அமேசான் காட்டுக்காக உயிரை விட்டார்: யார் இந்த சிகோ மென்டிஸ்?

1988 டிசம்பர் 22. பிரேசிலின் அக்ரே மாநிலத்தில் உள்ள ஷாபுரி என்ற சின்ன ஊர். குளிக்கப் போகலாம் என்று துண்டோடு பின்கதவைத் திறந்தார் சிகோ மென்டிஸ். இருட்டில் காத்திருந்த துப்பாக்கி வெடித்தது. பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர்கள் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். 44-வது பிறந்தநாள் முடிந்து சரியாக ஒரு வாரம்.

இவர் விஞ்ஞானியோ அதிகாரியோ இல்லை. சின்ன வயசிலேயே அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போனவர். தொழிலாளிக்குக் கணக்கு தெரிந்தால் கடனில் நடக்கும் மோசடியும் தெரிந்துவிடுமே! அதனால் முதலாளிகள் பள்ளிக்கூடமே விடவில்லை. காட்டில் தலைமறைவாக இருந்த ஒரு கம்யூனிஸ்ட்தான் இவருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்.

காடு நின்றால்தான் கூலி

காட்டை அழித்துத்தானே ரப்பர் வைப்பாங்க, இவர் எப்படிக் காட்டைக் காப்பாற்றினார்? கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரும். அமேசானில் கதையே வேறு. ரப்பரின் பூர்வீகம் அது. அங்கே நெருக்கமாக நட்டால் இலைக்கருகல் நோய் மொத்தத்தையும் காலி பண்ணிவிடும். கார் கம்பெனி நடத்திய ஹென்றி ஃபோர்டே தோட்டம் போட்டுத் தோற்றார். காட்டுக்குள் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால்தான் பிழைக்கின்றன. தொழிலாளிகள் ஒற்றையடிப் பாதையில் நடந்து மரம் மரமாகக் கீறிப் பால் எடுப்பார்கள். மழைக்காலம் வந்தால் பிரேசில் நட் பொறுக்குவார்கள்.

1970-களில் ராணுவ அரசின் ஆதரவோடு மாட்டுப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். காட்டை வெட்டி, எரித்து, புல் விதைத்தார்கள். மழைக்காட்டில் சத்து மண்ணைவிட மரங்களில்தான் அதிகம். சில வருஷத்தில் புல்லும் மெலிந்துவிடும். அப்புறம்? அடுத்த காடு.

மென்டிஸும் தோழர்களும் பெண்கள், குழந்தைகளோடு போய் மெஷின் ரம்பங்களுக்கு முன்னால் நின்றார்கள். கையில் ஆயுதம் கிடையாது. 1980-ல் இன்னொரு சங்கத் தலைவரான வில்சன் பின்யேரோ சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் அது நிற்கவில்லை.

1985-ல் தலைநகர் பிரேசிலியாவில் கூடிய தொழிலாளர்கள் ஒரு யோசனை வைத்தார்கள். நிலம் அரசுக்கு, பயன்படுத்தும் உரிமை அங்கே வாழ்பவர்களுக்கு. பால் எடுக்கலாம், நட் பொறுக்கலாம், கொஞ்சம் பயிர் வைக்கலாம். பண்ணைக்காகக் காட்டை அழிக்கக் கூடாது. ஆட்களை வெளியேற்றிவிட்டு வேலி போடும் திட்டம் இல்லை இது. 1987-ல் மென்டிஸ் அமெரிக்கா போய், காட்டுச் சாலைக்கான வங்கிக் கடனுக்கு எதிராகப் பேசினார். கடன் நிறுத்திவைக்கப்பட்டது. அதே வருஷம் ஐ.நா. விருதும் வந்தது. விருதால் உலகம் முழுக்கப் பெயர். ஊரில் கொலை மிரட்டல்தான் கூடியது.

பண்ணைக்காரர் டார்லி ஆல்வ்ஸ் வெட்ட நினைத்த ஒரு காட்டை 1988-ல் அரசு கையகப்படுத்தியது. அந்த டிசம்பரில் கொலை. 1990-ல் அவருக்கும் சுட்ட மகனுக்கும் தலா 19 ஆண்டு சிறை.

அதே 1990-ல் மென்டிஸ் பெயரிலேயே 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. ஆனால் ரப்பரும் நட்டும் தரும் காசு குடும்பம் நடத்தப் போதவில்லை. அதனால் காட்டுக்குள் வாழும் குடும்பங்களில் பலவும் இப்போது மாடு வளர்க்கின்றன. மேய்ச்சலுக்காக அங்கேயும் மரம் விழுகிறது.