குடிசை யாருடைய மனையில்? – பி. சீனிவாசராவ் நினைவாக



செப்டம்பர் 30, பி. சீனிவாசராவின் நினைவு நாள். வேதாரண்யம் போகும்போது திருத்துறைப்பூண்டியைத் தாண்டியிருப்பீர்கள். அவர் நினைவிடம் அந்த ஊரில்தான் இருக்கிறது. அவர் கதையை இந்த இதழில் எழுத ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சீனிவாசராவ் தஞ்சாவூர்க்காரர் அல்ல. 1907-இல் தென் கன்னடப் பகுதியில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தாய்மொழி கன்னடம். பெங்களூரில் படிக்கும்போதே படிப்பை விட்டுவிட்டுச் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கினார். சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியலில் போலீஸ் அடி வாங்கினார், சிறை சென்றார். பிறகு கம்யூனிஸ்ட் ஆனார். 1943 வாக்கில் விவசாய சங்க வேலைக்காக நம் மாவட்டத்துக்கு வந்தார். மன்னார்குடி பக்கத்துத் தென்பரையில் சங்கக் கொடி ஏறியது.

அன்றைய கீழத்தஞ்சையை நினைத்துப் பாருங்கள். ஊர் ஒரு பக்கம், சேரி தனியாக வயலோரத்தில். பண்ணையாளின் குடிசை நின்றது மிராசுதாரின் மனையில். வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தன. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் வேலை மட்டுமல்ல, குடிசையும் போகும். சாட்டையடியும் உண்டு, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் தண்டனையும் உண்டு. வீட்டுக்கு உரிமை இல்லாதவன் எப்படி எதிர்த்துப் பேசுவான்?

சீனிவாசராவ் அந்தச் சேரிகளிலேயே தங்கினார். அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு அவர்கள் குடிசையில் படுத்தார். அந்தக் காலத்தில் இதுவே பெரிய செய்தி. 1944-இல் மன்னார்குடியில், அதிகாரிகள் முன்னிலையில் மிராசுதார்களுக்கும் சங்கத்துக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. சாட்டையடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட்டன. பின்னர் கட்சி மீது அடக்குமுறை வந்து அவர் தலைமறைவானபோது இடம் கொடுத்தவையும் அந்தக் குடிசைகள்தான். தங்களுக்கே நிலையான வீடு இல்லாதவர்கள் அவருக்கு வீடு தந்தார்கள்.

1952-இல் ராஜாஜி அரசு தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்க முடியாது என்றது. ஆனால் பல பண்ணைகளில் பண்ணையாள் முறையையே கைவிட்டு, தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். குடியிருப்பு மனைப் பிரச்சினை அப்படியே நின்றது. 1961-இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு, நில உச்சவரம்பு மசோதாவின் ஓட்டைகளை அடைக்கக் கோரிய போராட்டத்தின் அலைச்சலுக்கு நடுவே சீனிவாசராவ் காலமானார். வயது 54.

அவர் போன பின்னும் குடிசைகள் தனியாகத்தான் நின்றன. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிந்தது உங்களுக்குத் தெரியும். 1971-இல்தான் குடியிருந்த மனை குடியிருந்தவருக்கே சொந்தம் என்ற சட்டம் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தபோது, மன்னார்குடிப் பக்கத்துக் கிளை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடன் கேட்டு வரும் பெரியவர்கள் மடித்து மடித்து நைந்துபோன மனைப் பட்டாவை பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் கவுண்டரில் வைப்பார்கள். ஏதோ மூன்று சென்ட் இடம். அதை அவர்கள் இரண்டு கையாலும் கொடுப்பார்கள். நான் ஒரு கையால் வாங்கி நம்பரைக் குறித்துக்கொண்டு திருப்பித் தருவேன். அது என்ன காகிதம் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு என் மகனின் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டேன். நல்ல வேலையில் இருக்கும் இளம் தம்பதி வந்தார்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, சைவமா என்று கேட்டேன். நான் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று கீழே இறங்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. சாட்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனாலும் ஒரு வீடு மறுக்கப்பட்டது.

நம் சங்கத்தின் வாடகைதாரர் படிவத்தில் சமூகம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆதார் எண், வேலை, அவசரத் தொடர்பு, இவை பாதுகாப்புக்குத் தேவை. சமூகம் எதற்கு? அடுத்த பொதுக்குழுவில் அந்தக் கட்டத்தை நீக்கும் தீர்மானத்தை நான் முன்மொழியப் போகிறேன். நீங்கள் வந்து கை உயர்த்த வேண்டும்.

கட்டம் போனால் எண்ணமும் போய்விடாது. அது எனக்குத் தெரியும். என் கேள்விகள் எந்தப் படிவத்திலும் இல்லை. இருந்தாலும் முதலில் காகிதத்திலிருந்தாவது தொடங்குவோம்.