பகை தெளிந்த மன்னன்

பகைவன் இன்னான் எனத் தெளிதல் அரசர்க்கு மட்டுமன்றி மாந்தர் எவர்க்கும் அரிய செயல். பெயரையும் குலத்தையும் கண்டு அஞ்சுவோர் பலர்; செயலையும் நோக்கத்தையும் ஆராய்ந்து துணிவோர் சிலர். அச்சிலருள் ஒருவனாகவே கண்டி மன்னன் செனரத்தை நான் கருதுகிறேன். கல்முனைக் கரையிலே தமிழ் கற்பிக்கும் எனக்கு அவன் வரலாறு வெறும் பாடமன்று. என் மாணாக்கர் சிலருடைய முன்னோர் கதையும் அதனுள் அடங்கியிருத்தல் கூடும்.

செனரத், துறவாடை களைந்து அரசியலுக்கு வந்தவன். உறவினனாகிய விமலதர்மசூரியன் 1604இல் இறந்தபின் அரியணை ஏறினான். அவன் தேவியாகிய குசுமாசன தேவியையும் மணந்தான். மேலைக்கரை போர்த்துக்கேயர் வயப்பட்டிருந்தமையால், கண்டிக்கு மலையும் காடும் கீழைக்கரைத் துறைகளுமே துணையாயின. 1617இல் அவன் திறை தர இசைந்து போர்த்துக்கேயரோடு உடன்படிக்கை செய்தான். 1620இல் தென்மார்க்கிலிருந்து கப்பல்கள் வந்தபோது, தன் பெயரால் பிறன் ஒருவன் செய்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தான். உதவி என்று வருவதையும் அவன் எடைபோட்டே பார்த்தான்.

1626இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, தன் அரசின் ஆணைப்படி முஸ்லிம்களைத் தன் ஆட்சி நிலங்களினின்று வெளியேற்றினான். இவ்வச்சத்தின் வேர் இலங்கையில் மட்டும் இல்லை. அக்காலத்தில் போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே முடியின் கீழ் இருந்தன. 1609 முதல் 1614 வரை, இசுலாமிய வழிவந்தோரை ஸ்பெயினினின்று துரத்தியதும் அம்முடியே. தாயகத்துப் பழம்பகைவர்க்கு இட்ட பெயரையே போர்த்துக்கேயர் இங்குள்ளோர்க்கும் இட்டனர். பெயரோடு பகையும் வந்து ஒட்டிக்கொண்டது. வணிகப் போட்டி இருந்தது மெய்யே. மலையாளக்கரைக் குஞ்ஞாலி மரைக்காயரின் படைகள் சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவியதும் மெய்யே. ஆயினும் அம்மரைக்காயரின் வலிமை 1600இலேயே ஒடுங்கிற்று. எஞ்சியது நினைவில் நின்ற அச்சம்.

செனரத்தோ அம்மக்களின் தேவையை நோக்கினான். அவர்கள் வேண்டியது நிலமும் அமைதியும்; அவன் வேண்டியது உழவும் வாணிகமும் பெருகிய கீழைக்கரை. ஏறத்தாழ 4,000 பேரை, முன்னரே முஸ்லிம்கள் வாழ்ந்திருந்த மட்டக்களப்பு நாட்டிலே குடியேற்றினான் என்பர். 1961இல் அம்பாறை மாவட்டமாய்ப் பிரிந்த பகுதியும் அன்று அந்நாட்டைச் சேர்ந்ததே. அருளும் அரசியலும் ஈண்டு ஒருங்கே நின்றன.

1630இல் இரந்தெனிவெலைப் போரிலே கொன்ஸ்தந்தீனு மாண்டான். அவனை வீழ்த்தியது வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களா? அல்லர். அவன் நம்பி உடனழைத்துச் சென்ற சிங்களப் படையினரே போர்முகத்தில் கண்டியர் பக்கம் சாய்ந்தனர். பெயரைக் கண்டு அஞ்சியவனுக்கு, அருகில் இருந்தோரின் உள்ளம் தெரியவில்லை.

செனரத் 1635இல் மறைந்தான். அவன் மைந்தன் இரண்டாம் இராசசிங்கன், பகைவனுக்குப் பகைவன் நண்பன் என்று கொண்டு 1638இல் ஒல்லாந்தரோடு உடன்பட்டான். அவர்களோ 1656இல் கைப்பற்றிய கொழும்பை அவனிடம் ஒப்படையாது தமதாக்கிக்கொண்டனர். தந்தையிடம் புகலடைந்தோரும் மைந்தனுக்குத் துணைவந்தோரும் போர்த்துக்கேயருக்குப் பகைவர் என்பதில் ஒத்தவரே. முன்னவர் வாழ இடம் தேடினர். பின்னவர் கறுவாவைத் தேடினர்.

வள்ளுவர் வலியறிதலோடு நில்லாது, தெரிந்துதெளிதலையும் தனி அதிகாரமாக வைத்தது இதனாற் போலும். ஒருவன் யாருக்குப் பகைவன் என்பதினும், நம்மிடம் அவன் வேண்டுவது யாது என்பதே முதலில் வினாவற்பாலது.