ஊர் நினைப்புக்கு மாற்றாக நினைத்த பண்டிதர்

நாம் மாலையில் பாடம் சொல்லித்தரும் காலனியில் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். சென்ற மாதம் ஒருநாள் எல்லோரும் கிளம்பிய பிறகும் அவன் போகவில்லை. தனக்கு ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். கோயில் கொடையில் நம் தெருவுக்கு மட்டும் சப்பரம் ஏன் வருவதில்லை என்று வீட்டில் கேட்டிருக்கிறான். காலங்காலமாக அப்படித்தான் என்று அப்பா முடித்துவிட்டார். கூட்டாளிகளிடம் கேட்டால் சிரிக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தோன்றாதது தனக்கு மட்டும் ஏன் தோன்றுகிறது என்பதுதான் அவன் கவலை.

அந்தக் கவலை நமக்கும் பழக்கமானதே. தமிழ் முதுகலை படித்த நாளில், இந்த இலக்கிய வரலாற்றில் நம் மக்கள் எங்கே என்று ஒருமுறை கேட்டோம். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பதில் வரவில்லை. கேட்டது தவறோ என்று பல நாள் உள்ளுக்குள் குமைந்தோம். பதிலில் ஒரு பகுதி நம் பாடத்திட்டத்தில் அப்போது இல்லாத ஒருவரிடம் இருந்தது. அவர்தான் அயோத்திதாசப் பண்டிதர். அந்த மாணவனுக்கு அன்று சொன்ன அவர் கதையை இங்கேயும் சொல்கிறோம்.

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராயரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். பாட்டனார் கந்தப்பன் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வீட்டில் பட்லராக இருந்தவர். அந்தப் பாட்டனார் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் ஏடுகளே அதிகாரி மூலமாக எல்லீஸ் துரையின் கைக்குப் போயின என்று பண்டிதரே தம் இதழில் எழுதி வைத்திருக்கிறார். படிப்பே இல்லாதவர்கள் என்று ஊர் முத்திரை குத்திய வீட்டின் பரணில் ஏடுகள் இருந்தன. ஊர் சொல்வதும் தன் கண் காண்பதும் வேறு வேறு என்பதை அவர் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார்.

இளமையில் நீலகிரியில் வாழ்ந்தபோது அத்வைதானந்த சபையை நடத்தினார். எல்லா உயிரும் ஒன்று என்கிற தத்துவத்தில் சாதிக்கு இடமிருக்காது என்று நம்பிய காலம் அது. தத்துவத்தில் ஒன்றாக இருப்பவர்கள் தெருவில் ஒன்றாக இல்லை என்பதை விரைவிலேயே கண்டார். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, தம் மக்களை இழிபெயரால் பதியாமல் ஆதித் தமிழர் என்று பதிய வேண்டும் என வலியுறுத்தினார். தாம் யார் என்பதை அடுத்தவர் வைத்த பெயரிலிருந்து தெரிந்துகொள்ள அவர் மறுத்தார். 1885இல் ஜான் ரத்தினம் பாதிரியாருடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்ற இதழை நடத்தினார். 1886இல், தீண்டப்படாதோர் எனப்படுவோர் இந்துக்கள் அல்லர் என்று அறிவித்தார். அம்பேத்கர் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தைய பேச்சு அது.

1891 டிசம்பர் 1 அன்று உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துக் கோரிக்கைகளை முன்வைத்தார். கல்வி, அரசு வேலை, பொதுக் கிணற்றில் தண்ணீர், அலுவலகங்களில் நுழைந்து உட்காரும் உரிமை, சிறைகளில் இழிவேலை வாங்கும் விதியை நீக்குவது ஆகியவை அவற்றில் உண்டு. அந்தப் பட்டியலில் எவையெல்லாம் நம் ஊரில் முழுதாக நிறைவேறிவிட்டன என்று வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

மறு ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபைக் கூட்டம் நடந்தது. படித்தவர்களும் பெரிய மனிதர்களும் நிறைந்த அவையில் பண்டிதர் எழுந்தார். சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் எல்லோருக்கும் பொது என்றால், எங்களை மட்டும் ஏன் விடுவதில்லை என்று கேட்டார். அவை கொந்தளித்தது. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த பிரதிநிதி ஒருவர், உங்கள் குலத்துக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரியவர்கள் அல்லர் என்று பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்றார் பண்டிதர். எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடமும், ஊர்தோறும் தரிசாகக் கிடக்கும் அரசு நிலமும் கொடுங்கள் என்று கேட்டார்.

இந்த இடத்தைத்தான் அந்த மாணவனுக்கு இரண்டு முறை சொன்னோம். அத்தனை பேர் நடுவில் ஒற்றை ஆளாக நின்றவர் அவமானத்தில் உட்கார்ந்துவிடவில்லை. சாமி இல்லை என்றதும் படிப்பும் நிலமும் கேட்டார்.

அடுத்த திருப்பம் 1898. பிரம்மஞான சபையின் ஆல்காட்டைச் சந்தித்து, ஆசிரியர் கிருஷ்ணசாமியுடன் இலங்கை சென்றார். சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியது 1956இல். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ச் சித்த வைத்தியர் அந்த வழியில் நடந்துவிட்டார். தீட்சை வாங்கிய நாளில் அவரோடு இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1907 ஜூன் 19 அன்று ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது தமிழன் ஆயிற்று. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் முதல் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிழைக்கப் போன தமிழர்கள் வரை அதைப் படித்தார்கள். வாசகர்கள் சந்தேகம் கேட்டு எழுத, பண்டிதர் பதில் சொன்னார். ஊருக்கு ஒருவராகத் தனித்தனியே குமைந்துகொண்டிருந்தவர்கள், தம்மைப்போல் நினைப்பவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பதை அந்தப் பக்கங்களில் கண்டுகொண்டார்கள். கோலாரில் பௌத்த சங்கக் கிளைகள் எழுந்தன.

அவர் யோசித்த முறையையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு கதையை எடுப்பார். இந்தச் சொல்லுக்கு முதலில் என்ன பொருள், யார் எழுதியது, எழுதியதால் யாருக்கு லாபம் என்று கேட்பார். நிகண்டு, காப்பியம், மருத்துவ ஏடு, பாட்டி சொன்ன வழக்கு என எல்லாவற்றையும் சாட்சிக்கு அழைப்பார். தீபாவளியை அசுரனைக் கொன்ற நாளாக அவர் கொள்ளவில்லை. எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கும் பயனைப் பௌத்தர்கள் கண்டறிந்து மக்களுக்குச் சொன்ன நாள் என்றார். அம்மனை, வேப்பிலையால் நோய் தீர்த்த பௌத்தப் பெண் துறவி என்றார். பறையர் என்ற சொல்லையே புரட்டிப் போட்டு, பொய்யான பிராமண வேடத்தை ஊருக்குப் பறைந்தவர்கள், அதாவது எடுத்துச் சொன்னவர்கள், என்று விளக்கினார். இவற்றையெல்லாம் இன்றைய வரலாற்று ஆய்வு அப்படியே ஏற்பதில்லை. ஆனால் தோற்றவனுக்கும் ஒரு வரலாறு உண்டு, அதை அவனே தேடலாம் என்ற துணிச்சலை நமக்குத் தந்தது அந்த முறைதான்.

மாற்றி யோசிப்பவருக்கு எதிரிகளோடு மட்டுமே சண்டை என்று நினைக்க வேண்டாம். இரட்டைமலை சீனிவாசன் அவருக்கு மைத்துனர். பண்டிதர் மணந்த தனலட்சுமி, சீனிவாசனின் தங்கை. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்று சீனிவாசன் 1893இல் பறையன் என்ற இதழைத் தொடங்கினார். அந்தப் பெயரே கூடாது என்றார் பண்டிதர். ஒரே குடும்பம், ஒரே வலி, இரண்டு வழி. இரண்டு வழியிலும் மக்கள் நடந்தார்கள்.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாழ்த்தப்பட்டோர் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தோர் வேறு என்று பிரித்து, நம்மைவிட நலிந்த சில சமூகங்களை அவர் விலக்கியே பார்த்தார். அருந்ததியர் எழுத்தாளர்கள் இதைக் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது. ஊரை எதிர்த்துக் கேள்வி கேட்பவர் தம்மையும் அதே கேள்வியால் சோதிக்க வேண்டும் என்ற பாடத்தை அவர் குறையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறோம்.

வைத்தியம் அவர் கையை விட்டுப் போகவில்லை. சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வுக்குச் சிகிச்சை அளித்தவர் அவரே. 1914 மே 5 அன்று, 69 வயது நிறைய 15 நாள் இருக்கையில் மறைந்தார். பிறகு நெடுங்காலம் அவர் பெயரைத் தமிழ்நாடு மறந்திருந்தது. கோலார்காரர்கள் மட்டும் அவர் நூல்களை மறுபடி மறுபடி அச்சிட்டுக் காப்பாற்றினார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள், பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகே பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்த்தன. இன்று தாம்பரம் தேசிய சித்த மருத்துவமனைக்கு அவர் பெயர். கிண்டியில் 2023 டிசம்பர் 1 முதல் மணிமண்டபம் இருக்கிறது.

கதையைக் கேட்டு முடித்த மாணவன், அவருக்குப் பயமே இருந்திருக்காதா என்று கேட்டான். இருந்திருக்கும் என்றே நினைக்கிறோம். ஆனால் அவர் தம் கேள்வியை மனதுக்குள் பூட்டிவைக்கவில்லை. எழுதினார், அவையில் கேட்டார், சங்கமாகச் சேர்த்தார். தனி ஆளின் நினைப்பு ஊர்ப் பேச்சானது அப்படித்தான்.

மறுவாரம் அவன் நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு வந்தான். முதல் பக்கத்தில் சப்பரம் பற்றிய கேள்வி இருந்தது. அதன் கீழே, சப்பரம் முன்பு எந்தத் தெருக்கள் வழியாகப் போனது என்று காலனியின் பெரியவர்கள் மூவரிடம் விசாரித்து எழுதியிருந்தான். மூவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. நான்காவதாக ஒருவரைக் கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.