சூடு கூடினால் தண்ணி மெதுவா ஆவியாகுமா? யார் இந்த லைடன்ஃப்ராஸ்ட்?

நல்லா காய்ஞ்ச தோசைக்கல்லில் தண்ணி தெளிச்சா, சொட்டுகள் முத்து முத்தாக உருண்டு ஓடும். சூடு கொஞ்சம் குறைவாக இருந்தால், அதே தண்ணி 'சுர்'ரென்று வற்றிவிடும். சூடு கூடினால் வேகமாகத்தானே வற்ற வேண்டும்? இதை முறையாக ஆராய்ந்தவர் ஒரு மருத்துவப் பேராசிரியர்.

யார் இவர்?

யோஹான் காட்லோப் லைடன்ஃப்ராஸ்ட், 1715-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பாதிரியார் மகனாகப் பிறந்தார். முதலில் இறையியல் படித்தவர், பிறகு மருத்துவத்துக்கு மாறினார். 1743-ல் டூயிஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இயற்பியல், வேதியியலும் கற்பித்தார். 1794-ல் அதே ஊரில் இறந்தார்.

என்ன செய்தார்?

தண்ணீரின் தன்மைகள் பற்றி 1756-ல் லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் ஒரு சொட்டு விட்டு, ஊசல் வைத்து நேரம் பார்த்தார். முதல் சொட்டு அரை நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. கரண்டி ஆற ஆற, அடுத்தடுத்த சொட்டுகள் சீக்கிரமே மறைந்தன. சொட்டுக்குப் பின்னால் மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தபோது, சொட்டுக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அதாவது, சொட்டு இரும்பைத் தொடவே இல்லை.

அந்த இடைவெளியில் இருப்பது நீராவிப் படலம். ஆவி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால்தான் சொட்டு தப்பிக்கிறது.

சூளகிரிக்கு என்ன சம்பந்தம்?

ஓசூர், சூளகிரி வட்டாரம் வாகன உதிரிபாகத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. கியர் போன்ற பாகங்களை உறுதியாக்க, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி எண்ணெயில் முக்குவார்கள். இதுதான் குவென்ச்சிங். முக்கியதும் பாகத்தை ஆவிப் படலம் மூடும். ஒரு பக்கம் படலம் உடைந்து, மறுபக்கம் நீடித்தால் பாகம் சீராக ஆறாது. கோணலாகலாம், விரிசல் விடலாம்.

கம்ப்யூட்டர் எப்படி உதவுகிறது?

தொட்டிக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. எனவே தொட்டியைக் கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான குட்டிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிறை, வேகம், வெப்பம் எப்படி மாறுகிறது என்று கணக்கிடுகிறார்கள். திரவமும் ஆவியும் சந்திக்கும் எல்லை நொடிக்கு நொடி நகர்வதுதான் பெரிய தலைவலி. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தையும் விழுங்கும். கொதிநிலையில் உள்ள 1 கிலோ நீர் ஆவியாக மட்டும் சுமார் 2,257 கிலோஜூல் தேவை.

படலம் நிலைத்து நிற்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு லைடன்ஃப்ராஸ்ட் புள்ளி என்று பெயர். திரவம், உலோகம், மேற்பரப்பின் சொரசொரப்பைப் பொறுத்து இது மாறும். இந்த எண் தப்பானால், திரையில் பாகம் நல்லா இருக்கும். தொட்டியிலிருந்து விரிசலோடு வரும். அதனால்தான் இன்றும் சிமுலேஷன் முடிவை நிஜ சோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.