வியாதியோடு நடந்த யாத்திரிகர்



ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது நம் திருத்தணிச் சாலைகளில் காவடி சுமந்து வெறுங்காலோடு வரும் சனங்களை ஆண்டுதோறும் காண்கிறோம். அடுத்த சில வாரங்களில் நம்மவர்களும் காவி உடுத்தி, வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் புறப்படுகிறார்கள். அவர்களில் சிலர் பாதி வழியில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு பஸ் ஏறித் திரும்புவதுண்டு. தங்கள் நேர்ச்சையைத் தேவமாதா ஏற்றுக்கொள்ளவில்லையோ என்று மனம் வெதும்புவதும் உண்டு. அப்படிப்பட்டவர்களை எண்ணியே இவ்வாரம் அர்ச்சியசிஷ்ட ஜோசப் வாஸ் சுவாமியாரின் சரித்திரத்தை எழுதுகிறேன்.

இவர் 1651ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ந் தேதி கோவாவிலுள்ள பெனவுலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676ல் குருப்பட்டம் பெற்றார். மறு வருஷம் தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து, அதைப் பத்திரமாக எழுதிக் கையெழுத்திட்டார். இந்தப் பத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடிமைக்குத் தன் உடம்பும் சொந்தமில்லை. அது சுகமாயிருந்தாலும் நோயாயிருந்தாலும் எசமானியுடையது.

அக்காலத்தில் இலங்கையின் கடற்கரைப் பகுதிகள் ஒல்லாந்தர் வசமிருந்தன. 1658ல் யாழ்ப்பாணம் அவர்கள் கைக்குப் போனது முதல் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. ஏறக்குறைய முப்பது வருஷம் பலிபூசையின்றி, பாவசங்கீர்த்தனமின்றி, அவஸ்தைப்பூசுதலின்றி மக்கள் பிறந்தார்கள், இறந்தார்கள். இதைக் கேள்வியுற்ற வாஸ் சுவாமியார் 1686ல் கோவாவிலிருந்து கால்நடையாகவே தெற்கே புறப்பட்டார். ஜான் என்னும் ஊழியர் கடைசிவரை அவருடன் நடந்தார். குருவென்று தெரிந்தால் கரையேற விடமாட்டார்கள் என்பதால், அங்கியைக் களைந்து, கூலியாளைப்போல் அரையில் துணி கட்டிக்கொண்டு, 1687ல் தூத்துக்குடியில் கப்பலேறினார். கடலில் மிகவும் இடர்ப்பட்டு மன்னாரை அடைந்தார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள்.

போய்ச் சேர்ந்தாரே தவிர, ஒரு பூசை வைக்கக்கூட அவரால் முடியவில்லை. கடுமையான வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்திவிட்டது. முன்பின் தெரியாத ஊர், பிச்சைக்காரக் கோலம், நாற்றமெடுக்கும் நோய். தொற்றிவிடுமென்று பயந்த சனங்கள் அவரை ஊருக்கு வெளியே அப்புறப்படுத்தினார்கள். துணைக்கிருந்த ஜானும் நோயில் விழுந்தார். அத்தனை மைல் நடந்து, கடல் கடந்து வந்தது ஊர்ப்புறத்தில் கிடந்து சாவதற்குத்தானா என்று நமக்குக் கேட்கத் தோன்றும்.

அந்த வேளையில் இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். சர்வேசுரன் சம்மனசை அனுப்பவில்லை; நோயை ஒரு நொடியில் நீக்கிவிடவும் இல்லை. ஒரு கலயம் கஞ்சியை அனுப்பினார். நோய் மெல்ல மெல்லத்தான் தணிந்தது. வாஸ் சுவாமியாரின் சரித்திரத்தைச் சொல்பவர்கள் பலர் இந்த இடத்தை இரண்டு வரியில் கடந்து, கண்டியில் மழை பெய்த புதுமைக்கு ஓடிவிடுகிறார்கள். அவருடைய ஊழியம் முழுவதும் அந்தக் கஞ்சியில்தான் முளைத்தது என்பது என் எண்ணம்.

எழுந்து நடக்க முடிந்ததும் அவர் செய்ததைப் பாருங்கள். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். கேட்டது சோறு, தேடியது விசுவாசிகளை. அந்த மாலையைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். இப்படியே மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுகொண்டு, பிறகு சில்லாலை என்னும் கிராமத்தில் தங்கி இரவு நேரங்களில் தேவதிரவிய அநுமானங்களை நிறைவேற்றினார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபின் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளம் பக்கம் போனார். 1692ல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தபோது, போர்த்துக்கீசரின் ஒற்றனென்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். 1696ல் நாடு வறட்சியால் வாடியபோது அவர் வேண்டிக்கொள்ள மழை பெய்தது என்றும், அரசன் விமலதர்மசூரியன் அதன்பின் அவருக்குத் தயவு காட்டினான் என்றும் சரித்திரம் கூறுகிறது.

1697ல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனே நகரை விட்டு அகன்றான். முத்துப் போட்டவர்களை அவரவர் வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பெற்ற பிள்ளையை விட்டுவந்தவர்களை நாம் எளிதில் பழிக்க வேண்டாம். கொரோனா நாட்களில் நம் தெருக்களிலும் எத்தனை கதவுகள் சாத்தியிருந்தன! வாஸ் சுவாமியாரும், அவருடைய சகோதரி மகனான கர்வாலோ சுவாமியாரும் அந்தக் காட்டுக்குள் போனார்கள். நோயாளிகளுக்குக் குடிசை போட்டார்கள், புண்களைக் கழுவினார்கள், உணவு ஊட்டினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கரா, புத்த மதத்தவரா என்று பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டுக் கிடப்பது எப்படியிருக்கும் என்று அவருடைய உடம்புக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் வாங்கிய கஞ்சியைக் கண்டியில் திருப்பிக் கொடுத்தார்.

நம் வீடுகளில் படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் பலர் தங்களால் யாருக்கும் பிரயோசனமில்லை என்று சொல்லி அழுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் கிடந்த நாட்களில் அந்தக் குருவானவராலும் ஒருவருக்கும் பிரயோசனம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த நாட்களைக் கழித்துவிட்டு இந்தச் சரித்திரத்தை எழுத முடியாது.

அவருக்குப் பிற்பாடும் பூரண சுகம் வாய்க்கவில்லை. பயணமும் பட்டினியும் உடம்பைத் தின்றன. 1710ல் நோயோடே மறுபடியும் சபைகளைச் சந்திக்கப் போனார். காய்ச்சலில் விழுந்து, தேறினாலும் பலமிழந்து போனார். ஆனாலும் சபை ஒழுங்கின்படி எட்டு நாள் தியானத்தை விடாமல் தொடங்கினார். எட்டாம் நாள் வருமுன், 1711ம் ஆண்டு ஜனவரி மாதம் 16ந் தேதி, கண்டியில் உயிர்விட்டார். 2015ம் ஆண்டு ஜனவரி 14ல் கொழும்பில் பரிசுத்த பாப்பு பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டமளித்தார். அவர் இறந்த நாளே அவருடைய திருநாள்.