ஆடுகள் தின்ற ஆதாரம்: தீவுச் செடிகளின் கதையைப் படித்த ஜோசப் ஹூக்கர்

செயின்ட் ஹெலினா என்றதும் நமக்கு நெப்போலியன்தான் ஞாபகத்துக்கு வருவார். அவரைச் சிறைவைத்த தீவு அது. ஆனால் தாவரவியல் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் ஆடுகளைப் பற்றித்தான் சொல்வார்கள். அந்த ஆடுகள் எதை அழித்தன என்பதை உலகத்துக்கு விளக்கியவர் ஜோசப் டால்டன் ஹூக்கர். டார்வினின் நெருங்கிய நண்பர்.

யார் இவர்?

1817-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா வில்லியம் ஹூக்கர் பெரிய தாவரவியலாளர். மகன் மருத்துவம் படித்தாலும் மனசெல்லாம் செடிகள் மேல்தான். 1839-ல், 22 வயதில், எரெபஸ் என்ற கப்பலில் உதவி மருத்துவராக ஏறினார். அண்டார்டிகாவை நோக்கிய பயணம், நான்கு வருஷம். வழியில் கப்பல் நின்ற தீவுகள்தான் அவருக்குப் பல்கலைக்கழகம்.

பூச்சிக்குப் பதில் காற்று

1840-ல் கப்பல் கெர்கெலன் தீவை அடைந்தது. இந்தியப் பெருங்கடலின் தெற்கே, எந்த ஊரும் பக்கத்தில் இல்லாத இடம். ஓயாத காற்று, குளிர். அங்கே ஒரு காட்டு முட்டைக்கோஸ் உண்டு. ஸ்கர்வி நோய் வராமல் இருக்க மாலுமிகள் அதைச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

இந்தச் செடியில் ஒரு விசேஷம் இருக்கிறது. முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்துப் பூக்களுக்குப் பொதுவாகப் பூச்சிகள்தான் மகரந்தம் சுமக்கும். கெர்கெலனிலோ பெரும்பாலான பூச்சிகளுக்குப் பறக்கவே வராது. அதனால் இந்தச் செடி காற்றை நம்பி வாழப் பழகிவிட்டது. பூச்சியைக் கவரும் இதழ்கள்கூட பெரும்பாலும் கிடையாது. தீவுக்கு வந்துசேர்ந்த ஒரு செடியின் வாரிசுகள், பல தலைமுறைகளில் அந்தத் தீவுக்கு ஏற்ற மாதிரி மாறிவிடுகின்றன. தீவுப் பரிணாமம் என்பது இதுதான்.

71-ல் 30

1843-ல் ஹூக்கர் ஊர் திரும்பியதும் டார்வினிடமிருந்து ஒரு வேலை வந்தது. கலபகோஸ் தீவுகளில் தான் சேகரித்த செடிகளை ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார். உயிரினங்கள் மாறாதவை அல்ல என்ற தன் சந்தேகத்தை 1844 ஜனவரியில் டார்வின் கடிதத்தில் எழுதியதும் ஹூக்கருக்குத்தான். ஏதோ கொலையை ஒத்துக்கொள்வதுபோலத் தயங்கித் தயங்கி எழுதினார்.

பிரபலமான அந்த ஃபிஞ்ச் குருவிகளை எந்தத் தீவில் பிடித்தோம் என்று டார்வின் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. செடிகளுக்குக் குறிப்பு சரியாக இருந்தது. ஹூக்கர் கணக்குப் போட்டார். ஜேம்ஸ் தீவில் கிடைத்தவை 71 இனங்கள். அதில் 38 இனங்கள் கலபகோஸ் தவிர வேறெங்கும் இல்லை. அந்த 38-லும் 30 இனங்கள் ஜேம்ஸ் தீவில் மட்டுமே கிடைத்தவை. பக்கத்துத் தீவு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் செடிகள் வேறு! தனிமை புது இனங்களை உருவாக்குகிறது என்பதற்கு டார்வின் தேடிய கணக்கு இதுதான்.

விதை எப்படிப் போச்சு?

சரி, நடுக்கடல் தீவுக்கு முதல் செடி எப்படி வந்தது? இதில் இரண்டு நண்பர்களுக்கும் வருஷக்கணக்கில் வாக்குவாதம். முன்பு நிலம் சேர்ந்திருந்து பிறகு மூழ்கியிருக்கலாம் என்பது ஹூக்கரின் எண்ணம். விதைகள் கடலிலும் பறவைகளோடும் பயணம் செய்திருக்கும் என்றார் டார்வின். சும்மா சொல்லவில்லை. உப்புத் தண்ணீரில் விதைகளைப் போட்டு வைத்தார். 87 வகைகளில் 64 வகை, 28 நாள் ஊறிய பிறகும் முளைத்தன.

1866 ஆகஸ்டில் நாட்டிங்காமில் தீவுத் தாவரங்கள் பற்றி ஹூக்கர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. விதைப் பயணத்தில் விடை கிடைக்காத கேள்விகள் இருப்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் டார்வின் பக்கம் சாய்ந்தார்.

ஆடுகள் வந்த பிறகு

அதே உரையில்தான் செயின்ட் ஹெலினாவின் சோகத்தையும் சொன்னார். அந்தத் தீவில் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள் மரமாகவே வளர்ந்திருந்தன. போட்டிக்குப் பெரிய மரங்கள் இல்லாத இடத்தில், சின்னச் செடியின் வாரிசு மரமாவது தீவுகளில் பலமுறை நடந்திருக்கிறது.

1513-ல் போர்ச்சுகீசியர்கள் அங்கே ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மேயும் விலங்கையே பார்த்திராத செடிகள் அவை. பெரிய மரங்களை ஆடுகள் ஒன்றும் செய்யவில்லை. கன்றுகளை மட்டும் தின்றன. அவ்வளவு போதும். கிழ மரங்கள் விழுந்தபோது, அந்த இடத்தில் வளர அடுத்த தலைமுறை இல்லை.

சுமார் 100 இனங்கள் இப்படிப் போயிருக்கும் என்று ஹூக்கர் கணித்தார். அவருக்கு அது வெறும் மரங்களின் இழப்பு அல்ல. எந்தச் செடி எதிலிருந்து வந்தது என்று சொல்லும் சங்கிலியில் கண்ணிகள் அறுந்துவிட்டன. அந்த ஆதாரம் திரும்பக் கிடைக்காது.

அவர் கையாலேயே

இதில் ஒரு முரண் இருக்கிறது. பக்கத்துத் தீவான அசென்ஷன் வறண்டு கிடந்தது. அங்கே மரம் நட்டால் ஈரம் தங்கும் என்று யோசனை சொன்னதே ஹூக்கர்தான். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து கன்றுகள் கப்பலேறின. மலை பச்சையானது. ஆனால் வெளியிலிருந்து வந்த செடிகள் அந்த ஊர்ப் பெரணிகளை நெருக்கித் தள்ளின. அதில் ஒரு பெரணி அழிந்தே போனதாக 2003-ல் பட்டியலிடப்பட்டது. மறுபடி கிடைத்துவிட்டதாக 2010-ல் அறிவிப்பு வந்தது. அதைப் பெருக்கிக் காப்பாற்றும் வேலையும் அதே கியூவில்தான் நடந்தது.

1865 முதல் 1885 வரை கியூவின் இயக்குநராக இருந்தவர் ஹூக்கர். இந்தியத் தாவரங்களைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். நம் ஊர் தாவரவியலாளர்கள் அவற்றை இன்றும் புரட்டுகிறார்கள். 1911-ல், 94 வயதில் காலமானார்.

செயின்ட் ஹெலினா ஆலிவ் என்று ஒரு மரம். பெயர்தான் ஆலிவ், உண்மையில் நம்ம இலந்தைக் குடும்பம். அதற்கு நெசியோட்டா என்ற பேரினப் பெயரைக் கொடுத்தவர் ஹூக்கர். காட்டிலிருந்த கடைசி மரம் 1994-ல் பட்டுப்போனது. வளர்த்துக் காப்பாற்றப் பார்த்த கடைசிச் செடியும் 2003-ல் போய்விட்டது. ஹூக்கர் வைத்த பெயர் புத்தகத்தில் இருக்கிறது, மரம் இல்லை.